ஈசானியம் தாழ்ந்த வீடு

குழந்தையை அங்கே படுக்கப் போட வேண்டாம் அக்கா. இங்கே, சமையலறை வாசலை ஒட்டிப் பாய் விரிக்கிறேன், இங்கே போடுங்க. அந்த மூலை குளுகுளுவென்றுதான் இருக்கும், தெரியும். என் பாப்பாவும் முதலில் அங்கேதான் போய்ப் படுத்துக்கொள்வாள். வேண்டாம். சாமி மூலை. அவ்வளவுதான், வேறொன்றும் இல்லை.

நீங்கள் நாற்காலியில் உட்காருங்க. ஆடுதா? நாற்காலி மேல் தப்பில்லை. இருங்க, அட்டை மடித்து வைத்திருக்கிறேன். காலுக்கடியில் கொடுத்தால் நின்றுவிடும். ம், இப்போது சரி.

அவங்க எல்லாம் பின்னாடி போர் மோட்டார் பார்க்கப் போயிருக்கிறார்கள். உங்க வீட்டுக்காரர், உங்க மாமனார், எங்க வீட்டுக்காரர். தண்ணீருக்கு இந்த வீட்டில் ஒரு குறையும் கிடையாது. அதைத் தைரியமாகச் சொல்லலாம். காபி ஆறுகிறது, குடிங்க. சர்க்கரை போதுமா?

நான் அதிகம் பேச மாட்டேன் அக்கா. தப்பாக நினைக்காதீங்க. சின்ன வயதிலிருந்தே அப்படித்தான். பள்ளிக்கூடத்தில் பேர் கூப்பிட்டால் "உள்ளேன் ஐயா" சொல்லக்கூட வாய் வராது. வகுப்பில் உட்கார்ந்திருக்கும்போதே எனக்கு ஆப்சென்ட் போட்டுவிடுவார்கள். எட்டாவதோடு நிறுத்திவிட்டார்கள், அதில் பாதி வருஷம் நான் போகாத மாதிரிதான் கணக்கு. எங்க வீட்டுக்காரருக்கு அது வசதி. இன்றைக்குக் காலையில்கூடச் சொன்னார்: "வர்ற பொம்பளைக்குக் காபி குடு. சிரிச்ச மொகமா இரு. வேறெதையும் பேச வேண்டாம். நீதான் வாயே தொறக்க மாட்டியே, அதனால எனக்குப் பயமில்லை."

உங்களுக்கு முன்னாடி ஒரு வாத்தியார் வீட்டம்மா வந்தார்கள். ரொம்ப நல்ல மாதிரி. நீங்கள் உட்கார்ந்திருக்கிற இதே நாற்காலிதான். காபி குடித்தார்கள், நான் சும்மா நாலு வார்த்தை சொல்லிக்கொண்டிருந்தேன், கேட்டுக்கொண்டிருந்தார்கள். போகும்போது என் கையை அப்படிப் பிடித்துக்கொண்டார்கள். பிறகு போனே வரவில்லை. அதற்கப்புறம் ஈரோட்டுக்காரர்கள். அவர்களும் அப்படியே. என்னவென்று தெரியவில்லை. எங்க வீட்டுக்காரருக்கும் புரியவில்லை. "வெளிய நல்லாத்தான் பேசுறாங்க, உள்ள வந்துட்டுப் போனா மொகம் மாறிடுது. யாரோ கண்ணு வெச்சுட்டாங்க"ன்னு சொல்லி வாசலில் பூசணிக்காய் கட்டியிருக்கிறார், பார்த்திருப்பீங்களே.

இந்த வீடு எங்களுக்கு எப்படி அமைந்தது என்று கேட்டீங்களா? கேட்கவில்லையா. சரி, சொல்கிறேன்.

நாங்கள் லைன் வீட்டில் இருந்தோம் அக்கா. வரிசையாக வீடு, கோடியில் எல்லாருக்கும் ஒரே குளியலறை. கதவு தகரம். கீழே ஒரு சாண் உயரத்துக்குத் துருவேறி ஓட்டை. நான் கல்யாணமாகி வந்த நாளிலிருந்து புடவையோடேதான் குளித்தேன். இந்த வீட்டைப் பார்க்க வந்தபோது எல்லாரும் ஹாலைப் பார்த்தார்கள், மாடிப்படியைப் பார்த்தார்கள். நான் குளியலறைக்குள் போய்க் கதவைச் சாத்தித் தாழ்ப்பாள் போட்டுப் பார்த்தேன். சத்தமே இல்லாமல் விழுந்தது. உள்ளேயே கொஞ்ச நேரம் நின்றேன். வெளியே அத்தை, என் மாமியார், "எங்கடி போனா இவ?" என்று தேடிக்கொண்டிருந்தார்கள்.

எங்க வீட்டுக்காரர் பஸ் பாடி கட்டுகிற பட்டறையில் இருக்கிறார், சொல்லியிருப்பார். டிங்கர், பட்டி, பெயிண்ட். அடிபட்டு நசுங்கி வந்த பஸ்ஸை அவர் கையில் கொடுத்தால் போதும். எங்கே அடிபட்டது என்று ஓட்டின டிரைவருக்கே தெரியாது. அவ்வளவு சுத்தம். இந்த ஹாலுக்குப் பெயிண்ட் அடித்ததுகூட அவர்தான். பளபளவென்று இருக்கிறது இல்லையா? பஸ் பெயிண்ட்.

வாங்குவதற்கு முன்னால் அவருடைய சிநேகிதர் ஒருவர் சொன்னார், "தெரிஞ்ச இஞ்சினியர் ஒருத்தர் இருக்கார், கூட்டிட்டு வந்து ஒரு தடவை காட்டிடு மாப்ளே" என்று. அத்தைக்குக் கோபம் வந்துவிட்டது. "எதுக்கு இஞ்சினியரு? எங்க மச்சாண்டார் பாக்காத வீடா? அவரு கைகாட்டுன வீட்டுல எவனாச்சும் கெட்டிருக்கானா?"

மச்சாண்டார் என்றால் எங்க பெரிய மாமா, மாமனாருக்கு அண்ணன். வாஸ்து பார்ப்பார். காசு வாங்க மாட்டார், வேட்டி துண்டு மட்டும். வந்தார். வீட்டைச் சுற்றி ஒரு நடை நடந்தார். பிறகு ஒரு செம்பு தண்ணீர் கேட்டார். நான்தான் மொண்டு கொடுத்தேன். பின் அறையில், தென்மேற்குக் கன்னிமூலையில் உட்கார்ந்து மெதுவாகத் தரையில் ஊற்றினார். உங்களுக்குத் தெரியுமே, உங்க மாமனாரும் பார்க்கிறவர்தானே. தண்ணீர் ஈசானியத்துக்கு ஓடணும், வடகிழக்குக்கு. அந்த மூலை தாழ்ந்திருந்தால் லட்சுமி தங்குவாள்.

ஓடியது அக்கா. நிற்கவே இல்லை. பின் அறையில் ஊற்றின தண்ணீர் நிலைப்படியைத் தாண்டி, ஹாலுக்கு வந்து, அந்த மூலையைப் பார்த்துப் போனது பாருங்க, வீட்டுக்குத் திரும்புகிற மாடு மாதிரி. பெரிய மாமா எழுந்து எங்க வீட்டுக்காரரைக் கட்டிக்கொண்டார். "டேய், நானும் எத்தனையோ வீடு பாத்துட்டேன். ஈசானியம் இந்த மாதிரி இறங்கி நின்னு நான் பாத்ததில்லைடா! கண்ண மூடிட்டு முடி!"

அவரும் கண்ணை மூடிக்கொண்டு முடித்தார். என் நகை எல்லாம் போனது. அது பரவாயில்லை, கழுத்தில் கயிறு இருக்கிறதே. கயிறு கழுத்தை அறுக்காது.

விற்றவருடைய சம்சாரம், தெய்வானையம்மா என்று பேர். நாங்கள் பார்க்க வந்த அன்றைக்கு அவர்கள்தான் எனக்குக் காபி கொடுத்தார்கள். அவர்களும் பேசாத மனுஷி. என் இடுப்பில் பாப்பா கைக்குழந்தை. பாப்பாவையே பார்த்துக்கொண்டு நின்றார்கள். கிளம்புகிற நேரத்தில் பக்கத்தில் வந்து, யாருக்கும் கேட்காத மாதிரி, "கண்ணு, கொழந்தைய அந்த மூலைல மட்டும் படுக்கப் போடாத" என்றார்கள். நான் ஏன் என்று கேட்கலாமா? வெட்கம். தலையை ஆட்டினேன். சாமி மூலை, காலை நீட்டிப் படுக்கக் கூடாது, அதைத்தான் சொல்கிறார்கள் என்று நினைத்துக்கொண்டேன். எவ்வளவு பக்தி என்று வீட்டில் வந்துகூடச் சொன்னேன்.

குக்கரா? இல்லை, அது பக்கத்து வீட்டுக் குக்கர். உட்காருங்க.

பால் காய்ச்சின அன்றைக்குச் சொந்தமெல்லாம் வந்திருந்தது. இதோ, இந்த ஹால் நடுவில் செங்கல் வைத்து, புதுப் பாத்திரத்தில் பால் வைத்தோம். பொங்கியது. எந்தப் பக்கம் வழிகிறது என்று எல்லாரும் குனிந்து பார்த்தார்கள். ஈசானியத்துப் பக்கம்! அத்தை குலவையிட்டார்கள். வழிந்த பால் அப்படியே ஓடி அந்த மூலைக்குப் போனது. "அட, வழி தெரிஞ்சு போகுது பாருங்க!" என்று பெரிய மாமா கைதட்டினார்.

எல்லாரும் சாப்பிடப் போய்விட்டார்கள். துடைக்கிற வேலை எனக்குத்தானே. துணியை எடுத்துக்கொண்டு மூலைக்குப் போனேன். பால் இல்லை அக்கா. தரை ஈரமாக இருந்தது, பால் இல்லை. அவ்வளவு பாலும் எங்கே போனது? சுவரும் தரையும் சேருகிற இடத்தில் ஒரு கோடு மாதிரி இருந்தது. விரலை வைத்தேன். நகம் உள்ளே போனது. ஜில்லென்று காற்று.

அத்தையிடம் போய், "அத்தை, பாலைக் காணோம்" என்றேன். அத்தை ஒரு நிமிஷம் யோசித்தார்கள். பிறகு கன்னத்தில் போட்டுக்கொண்டார்கள். "பூமாதேவி குடிச்சிட்டா சாமி!" என்று சத்தம் போட்டு எல்லாரையும் கூப்பிட்டார்கள். எல்லாரும் வந்து அந்த மூலையில் விழுந்து கும்பிட்டார்கள். நானும் விழுந்தேன். நெற்றி தரையில் பட்டபோது உள்ளே வெற்றாக, 'டொம்' என்று கேட்டது. பானையைத் தட்டினால் கேட்குமே, அப்படி. நான் யாரிடம் போய்ச் சொல்வேன்?

அங்கேயே எங்க வீட்டுக்காரர் சாமி அலமாரி அடித்தார். விளக்கேற்றினால் எண்ணெய் ஒரு பக்கமாகப் போய் நிற்கும். திரி மறுபக்கம் கருகும். தினமும் நான் திரியை நகர்த்தி நகர்த்தி வைப்பேன். பாப்பா பந்தை எங்கே போட்டாலும் அந்த மூலைக்குத்தான் உருண்டு போகும். "கொழந்தைக்குச் சாமி மேல எம்புட்டுப் பிரியம் பாரு" என்பார்கள் அத்தை. முன் கதவைச் சாத்த முடியாது. "மரம் மழைக்கு ஊறிருச்சு" என்று ஆசாரியைக் கூப்பிட்டு இழைத்தார். அடுத்த மாசம் மறுபடி இழைத்தார். இப்போது பாருங்க, கீழே பூனை நுழைகிற இடைவெளி. ஆனாலும் மேலே இடிக்கிறது.

எதற்கு என்று சொல்லத் தெரியாது அக்கா. துணி மடிக்கும்போது, அரிசி களையும்போது, திரும்பித் திரும்பி அந்த மூலையைப் பார்ப்பேன். யாரோ அங்கே உட்கார்ந்திருக்கிற மாதிரி.

ரேஷன் கடையில்தான் தெரிந்தது. வரிசையில் நிற்கிறேன். எனக்குப் பின்னாலே இருந்த ஒரு அம்மா, "கெணத்து வீட்டுக்காரங்க பை இது, தள்ளி வைங்க" என்கிறார்கள். என் பை அது. நான் பக்கத்து வீட்டு ருக்குமணி அக்காவைப் பார்த்தேன். "ஏன்க்கா, எங்க வீட்டைக் கெணத்து வீடுங்கறாங்க? கெணறு எங்க இருக்கு?" ருக்குமணி அக்கா என்னை ஒரு மாதிரி பார்த்தார்கள். "உனக்குத் தெரியாதா? நீங்க வெளக்கேத்துறீங்களே, அதுக்குக் கீழதான். ஆதியில இருந்தவங்க வாஸ்துப்படி ஈசானியத்துல வெட்டுனாங்க. வத்திப் போச்சு. இடிச்ச கல்லு, ஓலை, தேங்கா மட்டை, வண்டி வண்டியாக் கொட்டி மூடிட்டு மேல ஹாலை இழுத்துட்டாங்க. நீங்க தெரிஞ்சுதான் வாங்கியிருப்பீங்கன்னு நெனச்சேன்."

சர்க்கரை வாங்காமலே வந்துவிட்டேன்.

அவரிடம் சொன்னேன். சாப்பிட்டுக்கொண்டிருந்தார். "ஏனுங்க, நம்ம சாமிக்குக் கீழ கெணறு இருக்குதாமா." சோற்றைப் பிசைந்த கை நின்றது. "எவ சொன்னா?" "ருக்குமணி அக்கா." "அவளுக்கு வயித்தெரிச்சல்." ஆனால் கையைக் கழுவிவிட்டுப் பெரிய மாமாவுக்குப் போன் போட்டார். ஸ்பீக்கரில் போட்டார். பெரிய மாமா என்ன சொன்னார் தெரியுமா? "ஈசானியத்துல கெணறா! அடேய், தண்ணி நெலை ஈசானியத்துல அமையறதுக்குக் கோடி குடுத்தாலும் கெடைக்காதுடா! நான் அன்னைக்கே சொன்னேனா இல்லையா?" அவருக்கு அவ்வளவு சந்தோஷம்.

ஐப்பசி மழை வந்தது. ஒரு நாள் காலையில் அலமாரி சாய்ந்து, முருகன் படம் கீழே கிடந்தது. அலமாரிக்குப் பின்னால் சுவரில் மேலிருந்து கீழே வரைக்கும்...

இல்லை. அதைப் பற்றி நான் பேச மாட்டேன். அவர் சொல்லியிருக்கிறார்.

பிறகுதான் இஞ்சினியர் வந்தார். முன்னாடி வந்திருக்க வேண்டிய அதே இஞ்சினியர். கம்பியால் தரையைத் தட்டித் தட்டிப் பார்த்தார். "உள்ள கொட்டுனது மக்கி, கீழ எறங்கிட்டே இருக்குதுங்க. அந்த மூலைத் தரையப் பேத்து, கொட்டுனதையெல்லாம் எடுத்துட்டு, கான்கிரீட் போட்டு, சுவத்துக்கு அடியில பீம் குடுத்துத் தாங்கணும். செஞ்சா வீடு நிக்கும். செய்யாட்டி நான் பொறுப்பில்லை" என்றார். எவ்வளவு ஆகும் என்று இவர் கேட்டார். அவர் சொன்னார். இவர் என் கழுத்தைப் பார்த்தார், கயிறுதான் இருந்தது. நான் பாப்பாவைத் தூக்கிக்கொண்டு வெளியே போய்விட்டேன்.

அடுத்த நாள் விற்றவர் வீட்டுக்குப் போனோம். இவர் சத்தம் போட்டார். அந்த ஆள் சத்தமே போடவில்லை. "நாங்க வாங்கறப்பவும் இப்படித்தாங்க இருந்துச்சு. எங்ககிட்ட மட்டும் யாரு சொன்னாங்க? நீங்க கேட்டீங்களா? தண்ணி ஊத்திப் பாத்துட்டு நீங்கதானே கட்டிப் புடிச்சுக்கிட்டீங்க?" உள் கதவோரம் தெய்வானையம்மா நின்றிருந்தார்கள். இவரைப் பார்க்கவே இல்லை. என்னைத்தான் பார்த்தார்கள். "நான் உங்கிட்டச் சொன்னேனே கண்ணு" என்றார்கள். கண் தளும்பி நின்றது. "சொன்னேனே."

சொன்னார்கள்தான். எனக்குத்தான் அது போதவில்லை.

வீட்டுக்கு வந்ததும் இவர், "நாமளும் வித்துடலாம். நமக்கு எவன் சொன்னான்?" என்றார். நான் மெதுவாகச் சொன்னேன், "நான் டெக்ஸ் கம்பெனிக்குத் துணி மடிக்கற வேலைக்குப் போறேனுங்க. பாப்பாவ அத்தை பாத்துக்குவாங்க. கொஞ்சம் கொஞ்சமாச் சேத்து அந்த மூலையச் சரி பண்ணிடலாம்." அவர் சிரித்தார். "நாலு பேரு முன்னாடி நீ வாயத் தொறப்பியா? சூப்பர்வைசர் பேரு கேட்டா அழுதுடுவே. போ, போய்ச் சோத்த வை."

பட்டி எடுத்து வந்தார். பஸ்ஸுக்குப் போடுகிற அதே பட்டி. தேய்த்தார், மறுபடி போட்டார், மறுபடி தேய்த்தார், பெயிண்ட் அடித்தார். முடித்தபோது எனக்கே சந்தேகம் வந்துவிட்டது, நாம் பார்த்தது கனவா என்று. அவ்வளவு அருமையான கை அவருக்கு. ஆனால் பஸ் என்றால் பெயிண்ட் அடித்ததும் பட்டறையை விட்டுப் போய்விடும். வீடு இங்கேயேதானே நிற்கிறது? அடுத்த மழைக்கு... சரி, விடுங்க. சாமியைச் சமையலறைக்கு மாற்றிவிட்டு அங்கே பீரோவை நிறுத்தினார். மேலே அந்தக் காலண்டர்.

விற்றுவிட்டு எங்கே போவீங்க என்றா? லைன் வீட்டில் ஒன்று காலியாக இருக்கிறதாம். முன்பணம்கூடப் பேசிவிட்டார். அதே வரிசை. கதவு மாற்றியிருப்பார்களா என்று கேட்டேன். "எந்தக் கதவு?" என்கிறார்.

எனக்கு இந்த வீடு வேண்டும் என்று நான் யாரிடமும் சொல்லவில்லை அக்கா. சொல்லி என்ன ஆகப்போகிறது? ஆனால் உங்கள் பிள்ளை தூங்குகிற அழகைப் பாருங்க. வாயைத் திறந்துகொண்டு. அத்தையோடு கோயிலுக்குப் போயிருக்கிறாளே, என் பாப்பாவும் அப்படித்தான் தூங்குவாள்.

ஏன் அக்கா எழுந்துவிட்டீங்க? காபி பாதி அப்படியே இருக்கிறதே. இருங்க, அவங்க வரட்டும். வந்துவிட்டார்கள்போல. பின் அறையில் சத்தம் கேட்கிறதே. உங்க மாமனார் குரல்தான். என்ன கேட்கிறார்? செம்பா?

எங்க வீட்டுக்காரர் எடுத்துக் கொடுக்கிறார்.

உஷ். கேளுங்க. ஊற்றுகிறார்.

அதோ. அதோ பாருங்க, நிலைப்படி தாண்டிவிட்டது. காலை எடுங்க அக்கா, நனையும். எவ்வளவு நேராக வருகிறது பாருங்க. கொஞ்சங்கூட அலையவில்லை. உங்க மாமனார் சந்தோஷத்தைக் கேளுங்க: "அடடா! அடடடா! ஈசானியம்னா இதுதான்டா ஈசானியம்!" பெரிய மாமாவும் இதே குரலில்தான் கத்தினார். இப்போது கட்டிப் பிடித்துக்கொள்வார்கள்.

இப்போது பீரோவுக்கு அடியில் போகும். போய்விட்டது. நீங்கள் பார்த்துக்கொண்டே இருங்க. அவ்வளவு தண்ணீர் போகிறதே, சுவரில் முட்டித் திரும்ப வேண்டுமா இல்லையா? வராது. எவ்வளவு ஊற்றினாலும் வராது.

நான் ஒன்றும் சொல்லவில்லை அக்கா. எனக்குப் பேச வராது. ஆனால் உங்க மாமனார் உள்ளே நுழைந்ததும் முதலில் என்ன சொன்னார்? "ஈசானியத்துல பாரம் வைக்கலாமா? பீரோவைக் கன்னிமூலைக்கு மாத்துங்கப்பா" என்று சொன்னாரா இல்லையா? எங்க வீட்டுக்காரர் அசடு வழிந்துகொண்டு, "அப்பறமா மாத்திக்கலாமுங்க" என்றார். பெரியவங்க ஒன்று சொன்னால் உடனே கேட்கணும்.

அவங்க வருவதற்குள் நகர்த்திவிடலாம். உங்க பிள்ளை சமையலறைக் கதவோரம்தானே இருக்கிறான்? சரி. நீங்கள் அந்தப் பக்கம் பிடிங்க, நான் இந்தப் பக்கம். கனமே இருக்காது, பயப்படாதீங்க. உள்ளே ஒன்றும் இல்லை. தரை தாங்காதே என்று துணியெல்லாம் நான் அன்றைக்கே எடுத்துவிட்டேன்.

ம். தள்ளுங்க அக்கா.